வரி இல்லாத எல்லையின் விலை

2020 டிசம்பர் 24 அன்று, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் ஒரு வர்த்தக ஒப்பந்தத்தை எட்டிவிட்டதாக அறிவித்தன. ஒருவர் பொருள்மீது மற்றவர் சுங்க வரி போட மாட்டார். இத்தனை டன்னுக்கு மேல் வாங்க மாட்டோம் என்ற அளவுக் கட்டுப்பாடும் இருக்காது. பிரதமர் போரிஸ் ஜான்சன் அன்று ஊடகங்களிடம், வரிச் சுவரும் கிடையாது, வரி அல்லாத தடைகளும் கிடையாது என்றார். முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதி உண்மையில்லை என்பது எட்டே நாளில், 2021 ஜனவரி முதல் தேதியிலிருந்தே தெரியத் தொடங்கியது. வர்த்தகக் கூட்டமைப்பிலிருந்து விலகும் நாடு வரிச் சலுகையைத்தான் இழக்கிறது, அதைத் தனி ஒப்பந்தம் போட்டுத் திரும்ப வாங்கிவிட்டால் எல்லாம் பழையபடி நடக்கும் என்று நம்பியவர்கள் பிரிட்டனில் மட்டுமல்ல, உலகம் முழுவதும் இருந்தார்கள். பிரிட்டனுக்கு அந்த வரிச் சலுகை கையைவிட்டுப் போகவே இல்லை. இருந்தும் அதன் பொருளாதாரம் இளைத்தது. அப்படியானால் அது இழந்தது எது, அந்த இழப்பு யார் தலையில் விழுந்தது, ஏன் அது பெரிய ஓசை ஏதும் இல்லாமல் நடந்தது என்பதைப் பார்க்க வேண்டும். இதற்கு முன் ஐரோப்பியக் கூட்டமைப்பிலிருந்து விலகிய கிரீன்லாந்து (1985) மீன்பிடித் தொழிலை நம்பிய சிறு நிலப்பகுதி. அதை வைத்து எதையும் அளந்துவிட முடியாது. ஒரு பெரிய தொழில் நாடு இத்தனை ஆழமாகப் பின்னிப் பிணைந்த சந்தையிலிருந்து தன்னைத் தானே பிரித்துக்கொண்டதற்கு நம்மிடம் இருக்கும் முழுமையான சான்று பிரெக்ஸிட் எனப்படும் பிரிட்டனின் விலகல்தான்.

முதலில் ஒரு தெளிவு தேவை. வர்த்தகக் கூட்டமைப்பு என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் படிகள் உண்டு. உறுப்பு நாடுகள் தங்களுக்குள் வரியை நீக்கிக்கொள்வது தடையற்ற வர்த்தகப் பகுதி. வெளிநாட்டுப் பொருளுக்கு எல்லோரும் ஒரே வரி விகிதத்தை வைப்பது சுங்க ஒன்றியம். தொழிற்சாலைப் பொருள்களைப் பொறுத்தவரை துருக்கி ஐரோப்பாவோடு இந்த உறவில்தான் இருக்கிறது. இன்னும் ஒரு படி மேலே இருப்பது ஒற்றைச் சந்தை. அதில் சரக்கு, சேவை, முதலீடு, மனிதர் ஆகிய நான்கும் தடையின்றி நகர வேண்டும். அதற்கு எல்லா நாடுகளின் விதிகளும் ஒன்றாக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் விதியை மற்றவர் ஏற்க வேண்டும். டப்ளினில் விற்கத் தகுதியான மின்விசிறி வார்சாவிலும் விற்கத் தகுதியானது. மறுபடி யாரும் சோதிக்க மாட்டார்கள். ஒன்றியத்தில் சேராத நார்வே இந்தச் சந்தையில் மட்டும் இருக்கிறது. இந்தச் சந்தையை உருவாக்கியதில் பிரிட்டனுக்கே பெரும் பங்கு உண்டு என்பதை இன்று பலர் நினைவில் வைத்திருப்பதில்லை. 1985-இல் அதற்கான வரைவுத் திட்டத்தை எழுதியவர், மார்கரெட் தாட்சர் பிரஸ்ஸல்ஸுக்கு அனுப்பிய காக்ஃபீல்ட் பிரபு. 1986-இன் ஒற்றை ஐரோப்பியச் சட்டத்தில் தாட்சர் அரசு கையெழுத்திட்டது. 1993 ஜனவரி முதல் நாள் சந்தை நடைமுறைக்கு வந்தது. வரி ஏற்கெனவே நீங்கிவிட்டிருந்த காலத்தில் ஏன் அவ்வளவு மெனக்கெட்டார்கள்? வரி போன பிறகும் எல்லையில் லாரிகள் நின்றுகொண்டே இருந்தன என்பதால்தான்.

2021 ஜனவரியில் அந்த லாரிகள் மீண்டும் நின்றன. ஸ்காட்லாந்தின் கடலோரத்தில் பிடிபடும் இறாலும் நண்டும் அதற்கு முன்புவரை இரவில் ஏற்றப்பட்டு மறுநாள் பிரான்சின் பூலோன் சந்தைக்குப் போய்விடும். ஸ்காட்லாந்திலிருந்து லண்டனுக்கு அனுப்புவதற்கும் அதற்கும் காகித அளவில் பெரிய வேறுபாடு இருந்ததில்லை. ஜனவரி முதல், ஒவ்வொரு சரக்குக்கும் கால்நடை மருத்துவரோ அதற்குத் தகுதி பெற்ற அதிகாரியோ கையெழுத்திட்ட சுகாதாரச் சான்றிதழ், மீன் சட்டப்படி பிடிக்கப்பட்டது என்பதற்கான சான்று, பிரிட்டனை விட்டு வெளியேறச் சுங்க அறிக்கை, பிரான்சுக்குள் நுழைய இன்னொரு சுங்க அறிக்கை, எல்லைச் சோதனைச் சாவடிக்கு முன்கூட்டியே தகவல் எல்லாம் தேவைப்பட்டன. ஒரு லாரியில் இருபது சிறு வியாபாரிகளின் பெட்டிகள் இருந்தால், அவற்றுள் ஒன்றின் தாளில் பிழை இருந்தாலும் இருபதும் நிற்கும். மீன் கெட்டுப்போக ஒரு நாள் போதும். அம்மாத நடுவில் கடலுணவு ஏற்றுமதியாளர்கள் தங்கள் லாரிகளை லண்டனில் பிரதமர் அலுவலகம் இருக்கும் பகுதிக்கே ஓட்டிவந்து எதிர்ப்பைக் காட்டினார்கள். சிலருக்குத் தாமதம்கூட இல்லை, கதவே மூடிவிட்டது. சுத்தமானவை என்று முதல் தரம் பெறாத கடல் நீரில் வளர்ந்த மட்டி வகைகளைச் சுத்திகரிக்காமல் உயிரோடு அனுப்புவது நின்றது. ஸ்காட்லாந்து விவசாயிகள் காலங்காலமாக ஐரோப்பாவுக்கு விற்றுவந்த விதை உருளைக்கிழங்கு நின்றது. மட்டியும் மாறவில்லை, உருளைக்கிழங்கும் மாறவில்லை, அவற்றை வாங்கி உண்பவரும் மாறவில்லை. அனுப்பும் நாடு ஒன்றியத்துக்கு வெளியிலுள்ள மூன்றாம் நாடு ஆகிவிட்டது, அவ்வளவுதான்.

இதில் ஐரோப்பா பழிவாங்கியது என்று அப்போது பல பிரிட்டிஷ் அரசியல்வாதிகள் சொன்னார்கள். அந்த விதிகள் உலகின் மற்ற நாடுகளுக்கெல்லாம் ஏற்கெனவே இருந்தவை. அவற்றை எழுதிய மேசையில் பிரிட்டனும் உட்கார்ந்திருந்தது. உள்ளே இருந்தபோது தற்காப்பாகத் தெரிந்த வேலி, வெளியே வந்ததும் தடையாகத் தெரிந்தது. எத்தனை தாள் கூடுதலாகும் என்பதும் முன்கூட்டியே தெரிந்திருந்தது. பிரிட்டனின் வரித்துறையே 2019-இல் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டிருந்தது: ஐரோப்பாவோடு வணிகம் செய்ய ஆண்டுக்கு 21.5 கோடி சுங்க அறிக்கைகள் புதிதாகத் தேவைப்படும், அதற்காகப் பிரிட்டிஷ் நிறுவனங்களுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 750 கோடி பவுண்டு செலவாகும் என்று. பிரெக்ஸிட் பிரசாரப் பேருந்தில் பெரிய எழுத்தில் எழுதப்பட்ட தொகை வாரத்துக்கு 35 கோடி பவுண்டு. அதை பிரஸ்ஸல்ஸுக்கு அனுப்பாமல் அரசு மருத்துவச் சேவைக்குக் கொடுப்போம் என்பது வாக்குறுதி. பிரிட்டனுக்குத் திரும்ப வரும் தொகையைக் கழிக்காமல் சொன்ன கணக்கு அது என்று அந்நாட்டுப் புள்ளியியல் ஆணையமே கண்டித்தது. தாள் செலவை அந்தப் பேருந்தில் யாரும் எழுதவில்லை.

வரியில்லா ஒப்பந்தத்தில் இன்னொரு முடிச்சும் உண்டு. வரி இல்லை என்பது பிரிட்டனில் உருவான பொருளுக்கு மட்டும். உருவானது என்பதை மெய்ப்பிக்க வேண்டியவர் அனுப்புபவர். எந்த உதிரிபாகம் எந்த நாட்டில் செய்யப்பட்டது, அதன் மதிப்பு எத்தனை சதவீதம் என்று கணக்குக் காட்ட வேண்டும். ஆசியாவில் தைத்த ஆடையை இங்கிலாந்துக் கிடங்கில் இறக்கி, அங்கிருந்து அயர்லாந்துக் கடைக்கு அனுப்பும் நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சட்டை பிரிட்டனுக்குள் வந்தபோது ஒரு வரி. ஐரிஷ் கடலைத் தாண்டும்போது அது பிரிட்டிஷ் சட்டை அல்ல என்பதால் ஐரோப்பிய வரி. இதிலிருந்து தப்பச் சுங்கக் கிடங்கு முறைகள் உண்டு. அவற்றை நடத்தத் தனி ஆளும் தனி மென்பொருளும் வேண்டும். மார்க்ஸ் அண்டு ஸ்பென்சர் போன்ற பெருநிறுவனமே பிரான்சில் தன் பெயரில் நடந்துவந்த கடைகளுள் 11-ஐ மூடுவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது. இங்கிலாந்திலிருந்து அன்றாடம் போக வேண்டிய புதிய உணவு நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை என்பதே அது சொன்ன காரணம்.

பெரியவர்கள் பொதுவாகச் சமாளித்துவிட்டார்கள். என் பார்வையில் இந்த முழுக் கதையின் மையமே இங்குதான் இருக்கிறது. ஒரு சரக்குக்கான தாள் செலவு அதன் அளவோடு கூடுவதில்லை. முப்பது டன் சீஸுக்கும் முப்பது கிலோ சீஸுக்கும் அதே சான்றிதழ், அதே கையெழுத்து, கிட்டத்தட்ட அதே கட்டணம். வரி என்றால் சதவீதக் கணக்கு; சிறியவர் கொஞ்சம் கட்டுவார், பெரியவர் நிறையக் கட்டுவார். தாள் என்றால் தலைக்கு இவ்வளவு. சிறியவரை அது அப்படியே விழுங்கிவிடும். லண்டன் பொருளாதாரப் பள்ளியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்களின் சுங்கப் பதிவுகளை ஆராய்ந்து 2024 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வு இதை எண்களாகக் காட்டியது. புதிய ஒப்பந்தத்துக்குப் பிறகு சுமார் 16,400 நிறுவனங்கள் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு ஏற்றுமதி செய்வதையே விட்டுவிட்டன. முன்பு அங்கே விற்றவற்றுள் இது 14 சதவீதம். பெருநிறுவனங்களின் ஏற்றுமதியில் குறிப்பிடத்தக்க சரிவு இல்லை. மொத்தத்தில் 2022-இல் பிரிட்டனின் சரக்கு ஏற்றுமதி, விலகல் நடக்காதிருந்தால் இருந்திருக்கக்கூடிய அளவைவிட 6.4 சதவீதம், அதாவது 2,700 கோடி பவுண்டு, குறைந்தது. இந்த எண் பலர் அஞ்சியதைவிடச் சிறியது என்று விலகல் ஆதரவாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். அது சரியே. ஆனால் மொத்தத் தொகை பெருநிறுவனங்களின் சரக்கால் நிரம்பியது. அந்த 16,400 பேரின் வெளியேற்றம் அதில் கீறல்போலத்தான் தெரியும். அவர்கள் சிறியவர்கள் என்பதற்காக அந்த இழப்பைச் சிறியதென்று தள்ளிவிட முடியாது. நாளைய பெரிய ஏற்றுமதியாளர் இன்று பிரஸ்ஸல்ஸில் ஒரு கடைக்கு மாதம் இரண்டு பெட்டி அனுப்பிப் பழகுபவராகத்தான் இருப்பார். பக்கத்து நாட்டில் விற்றுப் பழகித் தூர நாட்டுக்குப் போவதுதான் எந்த ஊர் வணிகமும் வளரும் வழி. அந்த முதல் படியைப் பெயர்த்து எடுத்தால் அதன் விளைவு இந்த ஆண்டுக் கணக்கில் வராது. பத்து, பதினைந்து ஆண்டுகள் கழித்து இல்லாமல் போன நிறுவனங்களின் வடிவில் வரும். இல்லாமல் போனதை எந்தப் புள்ளிவிவரத் துறையும் எண்ணுவதில்லை.

வாங்குபவரின் பக்கம் கதை இன்னும் முன்னதாகவே தொடங்கிவிட்டது. 2016 ஜூன் 23 பொது வாக்கெடுப்பில் விலகலுக்கு 51.9 சதவீதம் வாக்குகள் கிடைத்தன. அன்றிரவு ஒரு பவுண்டுக்கு ஒன்றரை டாலர். விடிவதற்குள் அது 1.33 டாலருக்கும் கீழே, 1985-க்குப் பிந்தைய மிகக் குறைந்த நிலைக்குப் போனது. எதுவும் மாறாத நிலையிலேயே, மாறப்போகிறது என்ற எதிர்பார்ப்பு மட்டும் செய்த வேலை இது. பணமதிப்பு சரிந்தால் ஏற்றுமதி தூக்கும் என்பது பாடநூல் சொல்லும் சேதி. பிரிட்டனில் அது பெரிதாக நடக்கவில்லை. இன்றைய தொழிற்சாலை, விற்கும் பொருளுக்கு வேண்டியவற்றுள் ஒரு பகுதியை வெளிநாட்டிலிருந்து வாங்குகிறது. பவுண்டு சரிந்ததும் அந்தப் பகுதியின் விலை ஏறியது. கடைக்காரருக்கும் ஏறியது. 2021-க்குப் பிறகு இதன்மேல் எல்லைச் செலவும் சேர்ந்தது. அதே லண்டன் பள்ளியைச் சேர்ந்த வேறு ஆய்வாளர்கள், ஐரோப்பாவிலிருந்து அதிகம் வரும் உணவுப் பொருள்களின் விலையையும் அப்படி வராதவற்றின் விலையையும் ஒப்பிட்டுப் பார்த்து, 2023 மார்ச் வரை பிரிட்டிஷ் குடும்பங்கள் உணவுக்காகக் கூடுதலாகக் கொடுத்தது மொத்தம் ஏறத்தாழ 695 கோடி பவுண்டு, குடும்பத்துக்குச் சராசரியாக 250 பவுண்டு என்று கணித்தார்கள். வருமானத்தில் பெரும் பங்கை உணவுக்கே செலவிடுபவர் ஏழை. ஆகவே இந்தச் சுமையும் தாளைப் போலவே கீழே இருப்பவர்மீதுதான் அதிகம் இறங்கியது.

முதலீட்டின் நிலை இவற்றைவிட ஆழமானது. 2016 வாக்கெடுப்புக்கும் 2020 டிசம்பர் ஒப்பந்தத்துக்கும் இடையே நான்கரை ஆண்டுகள். அந்தக் காலம் முழுவதும், நாடு ஒற்றைச் சந்தையில் இருக்குமா, சுங்க ஒன்றியத்தில் மட்டும் இருக்குமா, ஒப்பந்தமே இல்லாமல் விழுமா என்று யாருக்கும் தெரியாது. மூன்று பிரதமர்கள், இரண்டு பொதுத் தேர்தல்கள், தள்ளிப்போன காலக்கெடுக்கள். இருபது ஆண்டு ஓடப்போகும் இயந்திரத்தை வாங்க நினைக்கும் முதலாளி, விதி தெரியும்வரை பொறுப்போம் என்று நினைப்பது இயல்பு. 2010-க்குப் பிறகு நன்றாக ஏறிவந்த தனியார் தொழில் முதலீடு 2016-இலிருந்து தட்டையாகப் படுத்துவிட்டது. கோவிட் வருவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே இது நடந்தது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். 2025 நவம்பரில் நிக்கோலஸ் புளூம் உள்ளிட்ட பொருளியலாளர்கள், மற்ற நாடுகளோடு ஒப்பிட்டும், பாங்க் ஆஃப் இங்கிலாந்து தொடர்புடைய நிறுவனக் கணக்கெடுப்பை வைத்தும் செய்த ஆய்வு, 2025 நிலவரப்படி விலகலால் பிரிட்டனின் தனிநபர் உற்பத்தி 6 முதல் 8 சதவீதமும், முதலீடு 12 முதல் 18 சதவீதமும் குறைந்திருப்பதாகச் சொல்கிறது. அரசின் வரவு செலவைக் கணிக்கும் சுதந்திர அமைப்பான பட்ஜெட் பொறுப்பு அலுவலகம் தொடர்ந்து பயன்படுத்தும் எண் இதைவிட மிதமானது: நீண்ட கால உற்பத்தித் திறனில் 4 சதவீத இழப்பு. நான் மிதமான எண்ணையே எடுத்துக்கொள்கிறேன். அதுவே போதுமான அளவு பெரியது. ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வரும் இழப்பு அது.

இவற்றுக்கு மறுப்புச் சொல்பவர்களின் வாதத்தில் வலு உண்டு. முதலாவது, நடக்காமல் போன பேரழிவு. வாக்கெடுப்புக்கு ஒரு மாதம் முன்பு பிரிட்டிஷ் நிதியமைச்சகம், விலகல் வாக்கு வென்றாலே உடனடி மந்தநிலை வரும், ஐந்து முதல் எட்டு லட்சம் பேர் வேலையிழப்பார்கள் என்று எச்சரித்தது. மந்தநிலை வரவில்லை. 2019-இல் வேலையின்மை 3.8 சதவீதமாக, 1974-க்குப் பிந்தைய குறைந்தபட்ச நிலைக்கு இறங்கியது. அந்த எச்சரிக்கை தவறு என்பதோடு, பொருளியலாளர்கள்மீது பொதுமக்களுக்கு இருந்த நம்பிக்கையையும் அது பெருமளவு கெடுத்தது. பின்னால் வந்த நிதானமான ஆய்வுகளும் அதே பயமுறுத்தலின் தொடர்ச்சியாகவே பார்க்கப்பட்டன. ஆனால் அந்த எச்சரிக்கை எதில் தவறியது என்று பார்க்க வேண்டும். சேதம் அதிர்ச்சியாக, ஒரே ஆண்டில் வரும் என்று அது எதிர்பார்த்தது. கூட்டமைப்பை விட்டு விலகுவதன் சேதமோ வேலையைப் பறிக்காமல் வேலையின் பயனைக் குறைக்கிறது. முதலீடு செய்யாத முதலாளி, இயந்திரத்துக்குப் பதிலாக இன்னொரு ஆளை எடுத்துக்கொள்ளலாம். வேலைவாய்ப்பு எண் அழகாக இருக்கும், ஆள் ஒருவருக்கான உற்பத்தி நின்ற இடத்திலேயே நிற்கும், அதனோடு சம்பளமும் நிற்கும்.

இரண்டாவது மறுப்பு: கோவிட், உக்ரைன் போர், எரிபொருள் விலையேற்றம் எல்லாம் ஒரே சமயத்தில் வந்தபோது எது எதன் விளைவு என்று எப்படிப் பிரிப்பது? ஒன்றியத்திலேயே இருக்கும் ஜெர்மனியும் அண்மைக் காலத்தில் தேங்கித்தானே கிடக்கிறது? நியாயமான கேள்வி. ஜெர்மனியின் தேக்கத்துக்கு மலிவான ரஷ்ய எரிவாயு நின்றது, கார்த் தொழிலின் தடுமாற்றம், சீனப் போட்டி என்று தனிக் காரணங்கள் உண்டு. பிரிட்டனை ஜெர்மனியோடு ஒப்பிடுவதால் விடை கிடைக்காது. விலகாத பிரிட்டனோடு ஒப்பிட வேண்டும். அப்படி ஒரு நாடு இல்லாததால், 2016 வரை பிரிட்டனைப் போலவே நகர்ந்த நாடுகளின் கலவையைக் கொண்டு அதைக் கணக்கில் உருவாக்குகிறார்கள். கோவிட்டும் போரும் அந்த நாடுகளையும் தாக்கின, எனவே அவற்றின் விளைவு இரு பக்கமும் கழிந்துவிடும். இந்த முறை துல்லியமானது என்று சொல்ல மாட்டேன். எந்தெந்த நாடுகளைக் கலவையில் சேர்ப்பது என்பதைப் பொறுத்து விடை இரண்டு மூன்று சதவீதம் ஆடும். அதனால்தான் நிறுவன அளவிலான சான்றுக்கு நான் அதிக எடை தருகிறேன். சிறிய ஏற்றுமதியாளர் விலகினார், பெரியவர் விலகவில்லை. ஐரோப்பிய உணவின் விலை ஏறிய அளவு மற்றதன் விலை ஏறவில்லை. கிருமியோ போரோ இப்படி ஆள் பார்த்து அடிக்காது.

மூன்றாவது வாதம் நமக்கு நெருக்கமானது. ஐரோப்பாவை விட்ட பிரிட்டன் உலகத்தோடு தன் விருப்பப்படி ஒப்பந்தம் போடலாம் அல்லவா? போட்டது. ஆஸ்திரேலிய ஒப்பந்தம் 2023 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. பசிபிக் நாடுகளின் கூட்டமைப்பில் 2024 டிசம்பரில் சேர்ந்தது. 2025 ஜூலை 24 அன்று இந்தியாவோடு கையெழுத்திட்டது. இந்த மூன்றாவது ஒப்பந்தத்தைத் திருப்பூர் வெகுகாலமாக எதிர்பார்த்துக் காத்திருந்தது. வங்கதேசத்துப் பின்னலாடை பிரிட்டனுக்குள் வரியின்றிப் போக, நம் ஊர்ப் பனியனும் சட்டையும் வரி கட்டிப் போட்டியிட்டன. அந்த வேறுபாடு இந்த ஒப்பந்தத்தால் நீங்குகிறது. திருப்பூருக்கு இது பெரிய விஷயம். பிரிட்டனுக்கு? அந்நாட்டு அரசின் சொந்த மதிப்பீட்டின்படியே இந்திய ஒப்பந்தத்தால் நீண்ட காலத்தில் ஆண்டுக்குக் கிடைப்பது 480 கோடி பவுண்டு, மொத்த உற்பத்தியில் 0.1 சதவீதத்தைச் சற்றே தாண்டும் அளவு. ஆஸ்திரேலியாவும் பசிபிக் கூட்டமைப்பும் தரும் பலன் அதே அரசுக் கணக்கில் தலா 0.1 சதவீதத்துக்கும் குறைவு. மறுதட்டில் 4 சதவீத இழப்பு இருக்கிறது. இதற்குப் பேரம் பேசியவர்களின் திறமைக் குறைவு காரணம் அல்ல. நாடுகள் எதை எவ்வளவு யாரோடு வணிகம் செய்கின்றன என்பதை அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக ஆராய்ந்தவர்கள் மீண்டும் மீண்டும் கண்ட விதி ஒன்று உண்டு: பெரிய பொருளாதாரத்தோடும் அருகில் இருப்பதோடும் வணிகம் அதிகம், தூரம் கூடக்கூட அது வேகமாகக் குறையும். டோவர் துறைமுகத்திலிருந்து பிரான்சின் கலே ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர்தான். பிரிட்டனின் ஏற்றுமதியில் நாற்பது சதவீதத்துக்கும் மேல் இன்றும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கே போகிறது.

சேவைத் துறையில் விலகல் ஆதரவாளர்களின் பக்கம் எடை கூடுகிறது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். லண்டனின் நிதிச் சந்தை சரிந்துவிடும் என்றார்கள். ஐரோப்பிய வங்கி ஆணையம் பாரிஸுக்கும் மருந்து முகமை ஆம்ஸ்டர்டாமுக்கும் இடம் மாறின, 2021 ஜனவரியில் அன்றாடப் பங்கு வர்த்தகத்தில் ஆம்ஸ்டர்டாம் லண்டனை முந்தியது, ஆனாலும் லண்டன் நிதி நகரமாகவே இருக்கிறது. ஆலோசனை, சட்டம், மென்பொருள் போன்ற சேவைகளின் ஏற்றுமதி எதிர்பார்த்ததைவிட நன்றாகவே வளர்ந்தது. மின்னஞ்சலில் போகும் சேவைக்கு டோவரில் தாள் கேட்பதில்லை. ஆகவே இந்த வளர்ச்சி, சரக்கில் நடந்ததற்குக் காரணம் தாள்தான் என்ற கருத்தை வலுப்படுத்துகிறதே தவிர மறுக்கவில்லை. ஆனால் ஆலோசகரும் வழக்கறிஞரும் லண்டனில் இருக்கிறார்கள், மீன் பதப்படுத்துபவரும் சீஸ் செய்பவரும் அங்கே இல்லை. விலகலுக்கு மிகுதியாக வாக்களித்தவை லண்டனுக்கு வெளியே உள்ள ஊர்கள்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் மனம் கனக்கிறது.

மனிதர்களின் நடமாட்டம் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் பலர் வாக்களித்தது அதற்காகத்தான். 2021-இல் ஐரோப்பியர்களின் தடையற்ற வருகை நின்றது. அந்த ஆண்டே லாரி ஓட்டுநர் பற்றாக்குறை கடுமையாகி, செப்டம்பரில் பெட்ரோல் நிலையங்களில் நீண்ட வரிசைகள் நின்றன. கோவிட்டும் அதற்குக் காரணம். ஆனாலும் போலந்திலிருந்து ஓட்டுநரை உடனே அழைக்கும் பழைய வழி அடைபட்டிருந்தது. பிறகு அரசே மற்ற வழிகளை அகலத் திறந்தது. முதியோர் பராமரிப்புக்கும் மருத்துவமனைகளுக்கும் படிப்புக்கும் இந்தியா, நைஜீரியா போன்ற நாடுகளிலிருந்து லட்சக்கணக்கானோர் வந்தார்கள். 2023-இல் நிகர குடியேற்றம் ஆண்டுக்கு ஒன்பது லட்சத்தைத் தாண்டியது. ஒரு பொருளாதாரத்துக்கு ஆள் தேவைப்பட்டால் அது எங்கிருந்தாவது அழைக்கும் என்பதையே இது காட்டுகிறது.

இறுதியாக, எல்லா எண்களுக்கும் அப்பாற்பட்ட வாதம்: நம் சட்டத்தை நாமே எழுதுவதற்கு ஒரு விலை உண்டென்றால் கொடுப்போம். இதை நான் மதிக்கிறேன். ஒரு சமூகம் தன் ஆட்சியுரிமைக்காகப் பணத்தை இழக்கத் தீர்மானிப்பது அதன் உரிமை. அதன் பலன் சில இடங்களில் கிடைத்ததும் உண்மை. 2025-இல் அமெரிக்கா உலகின்மீது வரி போட்டபோது பிரிட்டனுக்கு அடிப்படை விகிதம் 10 சதவீதம், ஐரோப்பிய ஒன்றியத்துக்குப் பேரத்துக்குப் பிறகும் 15 சதவீதம். விவசாய மானியத்தை நில அளவின்படி கொடுக்காமல், சுற்றுச்சூழலைக் காப்பதற்குக் கொடுக்கும் முறைக்கு இங்கிலாந்தால் மாற முடிந்தது. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி, விலை கொடுத்து வாங்கிய உரிமை எவ்வளவு பயன்பட்டது என்பது. ஐரோப்பாவின் சிஇ முத்திரைக்குப் பதிலாகப் பிரிட்டனுக்கென்று தனித் தர முத்திரை வரும் என்று அறிவித்தார்கள். ஒரே கெட்டிலுக்கு இரண்டு நாட்டுச் சோதனையா என்று தொழில்துறை கதற, காலக்கெடு தள்ளித் தள்ளிப்போய், 2023 ஆகஸ்டில் பெரும்பாலான பொருள்களுக்குச் சிஇ முத்திரையையே காலவரையின்றி ஏற்பதாக அரசு சொன்னது. தன் எல்லையில் ஐரோப்பிய உணவைச் சோதிக்கும் முழு ஏற்பாட்டை அது ஐந்து முறை தள்ளிவைத்தது. சோதித்தால் விலை ஏறும் என்ற அச்சம்தான். விளைவாக, பிரிட்டிஷ் விவசாயி முதல் நாளிலிருந்தே ஐரோப்பாவின் முழுச் சோதனைக்கு உட்பட்டார். அவரோடு போட்டியிடும் ஐரோப்பிய விவசாயி மூன்று ஆண்டுகளுக்கு மேல் பிரிட்டனுக்குள் ஏறக்குறைய தடையின்றி விற்றார். இந்த எல்லை ஏற்பாடுகளுக்கு அரசின் செலவு குறைந்தது 470 கோடி பவுண்டு என்று தேசியத் தணிக்கை அலுவலகம் 2024-இல் கணக்கிட்டது. தனி விதி எழுதும் உரிமை வந்தது, எழுதினால் ஆகும் செலவைப் பார்த்து எழுதாமல் விட்டார்கள். வேறுபட்ட விதி இருக்கக்கூடும் என்பதற்காக மறுகரையில் கேட்கும் சான்றிதழ் மட்டும் குறையவில்லை.

2025 மே 19 அன்று லண்டனில் பிரதமர் கீர் ஸ்டார்மரின் அரசும் ஐரோப்பிய ஒன்றியமும் ஒரு புதிய புரிந்துணர்வுக்கு வந்தன. உணவு, தாவரம், விலங்குப் பொருள்களுக்கான சுகாதாரச் சான்றிதழ்களைப் பெரும்பாலும் நீக்கும் உடன்பாட்டை நோக்கிப் பேசுவது அதன் மையம். அதற்கு ஈடாகப் பிரிட்டன் ஒப்புக்கொண்டவற்றுள் ஒன்று, ஐரோப்பியப் படகுகளுக்குத் தன் கடலில் மீன்பிடிக்கும் வாய்ப்பை 2038 வரை நீட்டிப்பது. விலகல் பிரசாரத்தில் மீனவர்களுக்குக் கொடுத்த வாக்குறுதியின் எதிர்த்திசை இது. அந்த உடன்பாடு நிறைவேறினால், இந்தத் துறைகளில் ஐரோப்பிய விதி மாறும்போதெல்லாம் பிரிட்டனும் தன் விதியை மாற்றிக்கொள்ளும். அந்த ஐரோப்பியச் சட்டத்துக்கு இறுதிப் பொருள் சொல்லும் இடம் லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம். நடைமுறைச் செலவில் ஒரு பங்கைப் பிரிட்டன் கட்டும். விதிகளை வரையும்போது தொடக்கத்தில் அதன் கருத்தைக் கேட்பார்கள். அவற்றை நிறைவேற்றும் அவையில் 1973 முதல் 2020 வரை அதற்கு இருந்த வாக்கு இனி இருக்காது.